ஏவலும் வினையும்

ஒருவர் இட்ட கட்டளையை இன்னொருவர் நிறைவேற்றுகிறார். அதனால் உயிர்கள் போகின்றன. அந்த வினை யாரைச் சேரும்? ஏவியவரையா, செய்தவரையா, இருவரையுமா? அரசும் படையும் தோன்றிய நாள் முதல் சமயங்கள் இந்தக் கேள்வியோடு மல்லாடி வந்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிரித்தானியக் கடற்படை அதற்கு மிகக் கூர்மையான ஒரு வடிவம் கொடுத்தது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களைச் சேர்த்து, மனம் எண்ணுவதற்கு முன் கை அசையும்படி பழக்கி, அந்தப் பழக்கத்தை இறைவனுக்குச் செய்யும் கடமையாகவும் அது கற்பித்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்துத் திரௌபதையம்மன் கோயிலில் தீ மிதிக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வரும் பாரதக் கதையின் நடுவிலும் இதே கேள்வி நிற்கிறது. கடற்படை விட்டுச்சென்ற ஒரு வழக்கின் மீது அந்தக் கதை பாய்ச்சும் வெளிச்சம், அதை விசாரித்த இராணுவ நீதிமன்றம் தந்ததைவிடப் பெரிது.

விக்டோரியா அரசி 1837இல் அரியணை ஏறியபோது கடற்படைக்கு நிலையான மாலுமிகள் இல்லை. ஒரு கப்பல் பயணத்துக்கு ஆயத்தமாகும்போது ஆள் சேர்ப்பார்கள். சில ஆண்டுகளில் கப்பல் திரும்பியதும் சம்பளம் கொடுத்துக் கலைத்துவிடுவார்கள். போர்க்காலத்தில் துறைமுகத் தெருக்களில் ஆட்களைப் பிடித்து இழுத்துப்போன பழைய வழக்கத்தின் நினைவும் அப்போது ஆறியிருக்கவில்லை. 1853இல் தொடர்சேவை முறை வந்தது. பையனாகச் சேர்பவன் தனது 18ஆவது வயதிலிருந்து பத்து ஆண்டுகள் கடற்படையில் இருக்க ஒப்பந்தம் செய்தான். சேரும்போது அவன் வயது வராதவன் என்பதால் பெற்றோரின் சம்மதம் வேண்டியிருந்தது. ஆக, அந்தப் பத்து ஆண்டுகளைக் கொடுத்தவன் பாதி அவன், பாதி அவனுடைய தகப்பன். இந்தச் சிறு விவரம் பின்னால் தேவைப்படும்.

பயிற்சிக்கு ஓய்வுபெற்ற பழைய போர்க்கப்பல்களைத் துறைமுகங்களில் நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். போர்ட்ஸ்மத்தில் ‘செயின்ட் வின்சென்ட்’, டெவன்போர்ட்டில் ‘இம்ப்ரெக்னபிள்’, ஃபால்மத்தில் ‘கேஞ்சஸ்’. அதிகாரிகளாகப் போகும் பையன்களுக்கு 1859 முதல் ‘பிரிட்டானியா’. இவற்றுள் கங்கையின் பெயரைத் தாங்கிய கப்பல் 1821இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. அதே பம்பாய்த் துறையில் வாடியா குடும்பத்துப் பார்சிகள் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1817 ஒக்டோபரில், இன்னொரு தேக்குக் கப்பலைக் கடலில் இறக்கியிருந்தார்கள். அதன் பெயர் ‘திருகோணமலை’. ஆங்கிலேயர் உச்சரிப்பில் ‘ட்ரிங்கோமலி’. மட்டக்களப்புக்கு வடக்கே இருக்கும் அந்த இயற்கைத் துறைமுகம் பிரித்தானியருக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றியது என்பதற்கு அந்தப் பெயரே சான்று. அக்கப்பலின் அடிமரத்தில், தங்கள் சொராஷ்டிர மரபுப்படி, கப்பலின் நலம் வேண்டி, பொறிப்புடைய ஒரு வெள்ளி ஆணியைப் பார்சிகள் அறைந்தார்கள். மலபார்த் தேக்கும் பார்சியின் வேண்டுதலும் சேர்ந்த அந்தக் கப்பல் 1860களில் தொடங்கி 1895 வரை, வட இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலிலும் பின்னர் சவுத்தாம்ப்டனிலும், சேமக் கடற்படையினருக்குப் பயிற்சிக் கப்பலாக நின்றது. இன்றும் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

அக்கப்பல்களில் பையன் கற்றவை பல: முடிச்சுப் போடுதல், கயிறு பின்னுதல், துடுப்பு வலித்தல், நீச்சல், பீரங்கி, வாள், கொஞ்சம் எழுத்தும் கணக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அவன் கற்றது பாய்மரம் ஏறுவது. கட்டளை வாயால் வராது. மேற்பார்வையாளனின் ஊதலிலிருந்து வரும். ஒவ்வோர் இசைக்கும் ஒரு வேலை. ஊதல் ஒலித்ததும் நூற்றுக்கணக்கானோர் ஏணிக்கயிறுகளில் ஏறி, குறுக்கு மரங்களில் வயிற்றை அழுத்திக் குனிந்து, பாயை இழுத்து மடித்துக் கட்டுவார்கள். மேலே யாரும் பேசக் கூடாது. கப்பலுக்குக் கப்பல் போட்டி வைத்து, அந்த வேலையை நிமிடத்திலும் விநாடியிலும் அளந்தார்கள். போட்டியின் அவசரத்தில் தவறி விழுந்து இறந்தவர்களும் உண்டு.

இதை வெறும் கொடுமை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. சூறை அடிக்கும்போது பாயைச் சுருக்கும் வேலையில் ஒருவன் தயங்கினால் பக்கத்தில் நிற்பவன் கீழே போவான். பாய் சுருங்கத் தாமதித்தால் கப்பலே சரியும். ஏன் என்று கேட்க அங்கே நேரமில்லை. கீழ்ப்படிதல் அந்த இடத்தில் அடிமைத்தனம் அல்ல. ஒருவன் மற்றவனின் உயிரைக் காக்கும் வழி. சாட்டையடி 1871இல் அமைதிக்காலத்துக்கும் 1879இல் போர்க்காலத்துக்கும் நிறுத்தப்பட்டது. அதன் பின்னும் ஒழுங்கு குலையவில்லை என்பது, அது அடியால் மட்டும் நிலைத்த ஒழுங்கு அல்ல என்று காட்டுகிறது. பையன்களுக்குப் பிரம்படி மட்டும் தொடர்ந்தது.

இந்த ஒழுங்கைச் சமயம் தாங்கியது. கடற்படையின் ஒழுக்கச் சட்டம், நாட்டின் செல்வமும் பாதுகாப்பும் பலமும் இறைவனின் அருளின் கீழ்க் கடற்படையையே சார்ந்திருக்கின்றன என்று தொடங்கியது. அதன் முதல் விதியே கப்பலில் பொது வழிபாடு முறையாக நடக்க வேண்டும் என்பது. கொலை, துரோகம், கட்டளை மீறல் பற்றிய விதிகள் அதன் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்களை அணியணியாக நிறுத்தி உடையையும் உடம்பையும் பார்வையிடுவார்கள். பின்னர் அதே மேல்தளத்தில் வழிபாடு. பையன்கள் மனனம் செய்த ஆங்கிலத் திருச்சபையின் வினா-விடைச் சுவடி, மேலோருக்குப் பணிந்து நடப்பதையும் இறைவன் தன்னை அழைக்கும் நிலையில் தன் கடமையைச் செய்வதையும் அயலானுக்குரிய அறமாகச் சொன்னது. கப்பல் தலைவனின் சொல்லும் இறைவனின் சித்தமும் ஒரே திசையில் இருக்கின்றன என்ற எண்ணம் இப்படி இயல்பாகவே படிந்தது.

பெரும்பாலான நாட்களில் அந்த எண்ணத்துக்குச் சோதனை வரவில்லை. வந்தாலும் இயற்கையின் வழியாக வந்தது. 1878 மார்ச் 24ஆம் திகதி, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து திரும்பிய பயிற்சிக் கப்பல் ‘யூரிடைசி’ வைட் தீவுக்கு அருகில் திடீரெனக் கவிந்த பனிச்சூறையில் கவிழ்ந்தது. 300க்கு மேற்பட்டோர், பெரும்பாலும் இளைஞர்கள், இறந்தனர், இருவரே தப்பினர். அதற்குப் பதிலாக அனுப்பப்பட்ட ‘அட்டலாண்டா’ 1880இல் பெர்முடாவிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 280 பேருடன் காணாமலே போனது. யூரிடைசி விசாரணையில் எவர்மீதும் குற்றம் காணப்படவில்லை. தேவாலயங்களில் அதை இறைவனின் ஆழம் காண முடியாத திருவுளம் என்று சொல்லி ஆறுதல் தேட முடிந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து நடந்ததற்கு அப்படிச் சொல்ல வழியில்லை. அன்று கடல் அமைதியாக இருந்தது, வானம் தெளிந்திருந்தது. அழிவு ஒரு கட்டளையின் வடிவில் வந்தது.

1893 ஜூன் 22ஆம் திகதி பிற்பகல். மத்தியதரைக்கடல் அணி, இன்றைய லெபனானின் திரிப்போலி நகருக்கு எதிரே, இரண்டு வரிசைகளாகச் சென்றுகொண்டிருந்தது. ஒரு வரிசையின் தலையில் ‘விக்டோரியா’. அதில் முழு அணியின் தலைவர் வைஸ் அட்மிரல் ஜோர்ஜ் ட்ரையன். மற்றதன் தலையில் ‘கேம்பர்டவுன்’. அதில் அவருக்கு அடுத்தவரான ரியர் அட்மிரல் ஆல்பர்ட் மார்க்கம். இரண்டு வரிசைகளும் உள்முகமாகத் திரும்பி, வந்த திசையிலேயே போக வேண்டும் என்பது ட்ரையனின் எண்ணம். வரிசைகளுக்கு இடையே இருந்த தூரம் சுமார் 1,100 மீட்டர். ஒவ்வொரு கப்பலும் வட்டமாகத் திரும்ப ஏறத்தாழ 730 மீட்டர் வேண்டும். இரண்டையும் கூட்டத் தெரிந்த எவருக்கும் முடிவு தெரியும். விக்டோரியாவில் இருந்த அதிகாரிகளுக்கும் தெரிந்தது. வழிநடத்தும் அதிகாரி தூரத்தைக் கூட்டச் சொன்னார், ட்ரையன் ஒத்துக்கொண்டார், பின்னர் பழைய எண்ணையே ஏற்றச் சொன்னார். கொடி அதிகாரி மீண்டும் நினைவூட்டியும் எண் மாறவில்லை.

கேம்பர்டவுனில் மார்க்கம் அந்தக் கொடியைப் பார்த்தார். இது நடக்காத காரியம் என்று உடனே உணர்ந்தார். கட்டளை விளங்கியது என்பதற்கு அடையாளமாகப் பதில் கொடியை உச்சிக்கு ஏற்ற வேண்டும். விளங்காவிட்டால் பாதியில் நிறுத்த வேண்டும். அவர் பாதியில் நிறுத்தினார். தன் ஐயத்தைச் செய்தியாக அனுப்பவும் எண்ணினார். அதற்குள் விக்டோரியாவிலிருந்து, அணி முழுவதும் காண, எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேள்வி வந்தது. மார்க்கம் கொடியை உச்சிக்கு ஏற்றினார். தன் தலைவர் கேம்பர்டவுனின் வரிசையைச் சுற்றி வெளிப்புறமாக வருவார் போலும் என்று தமக்குத் தாமே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டதாகப் பின்னர் சாட்சியம் அளித்தார். அவர் கோழை அல்லர். 1876இல் வடதுருவத்தை நோக்கிப் பனிமேல் நடந்து, அதுவரை மனிதர் எட்டாத அகலக்கோட்டைத் தொட்டுத் திரும்பியவர். ட்ரையனின் திறமையில் அவர் வைத்திருந்த நம்பிக்கை கிட்டத்தட்டப் பக்தி என்றே சொல்லத் தக்கது.

கேம்பர்டவுனின் முட்டுமுனை விக்டோரியாவின் பக்கத்தைக் கிழித்து உள்ளே போனது. கால் மணி நேரத்துக்குள் விக்டோரியா தலைகுப்புற மூழ்கியது. 358 பேர் இறந்தனர். இயந்திர அறையில் நின்றவர்கள் தங்கள் இடத்தை விட்டு வரவே இல்லை. மேல்தளத்தில் மாலுமிகள் நான்கு நான்கு பேராக அணிவகுத்து நின்றார்கள். கப்பல் சரியச் சரிய, கடலை நோக்கித் திரும்பும்படி வந்த கட்டளைக்குத் திரும்பினார்கள். குதிக்கலாம் என்ற சொல் வரும்வரை எவரும் வரிசையை உடைக்கவில்லை. பிழை முழுவதும் தன்னுடையதே என்று சொல்லியபடி ட்ரையன் மேடையிலேயே நின்று மூழ்கினார். தப்பியவர்களில் காய்ச்சலோடு படுக்கையிலிருந்து எழுந்து வந்த ஜோன் ஜெலிக்கோவும் ஒருவர். 1916இல் ஜட்லண்ட் கடற்போரை நடத்தியவர் அவரே.

மோல்டாவில் கூடிய இராணுவ நீதிமன்றம் அழிவுக்குக் காரணம் ட்ரையனின் கட்டளை என்று முடிவு செய்தது. தன் ஐயத்தைத் தெரிவிக்க முதலில் எண்ணியபடி மார்க்கம் செய்யாததற்கு அது வருந்தியது. ஆனால் நேரில் இருக்கும் தலைவரின் ஆணையை நிறைவேற்றியதற்காக அவரைக் குற்றம் சொன்னால் கடற்படையின் நலனுக்கே அது பெருங்கேடாகும் என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பில் ஒரு முரண் கிடக்கிறது: செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை, ஆனால் செய்யாதது குற்றமல்ல. இதைவிட நெஞ்சை அறுப்பது இன்னொன்று. ட்ரையனே தன் அணிக்கு ஒரு நிலையான அறிவுறுத்தல் விடுத்திருந்தார். கட்டளையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் நட்புக் கப்பலோடு மோத நேரும் என்றால், அந்த ஆபத்தைத் தவிர்ப்பதே மேலான கட்டளை என்று அதில் இருந்தது. மார்க்கம் மறுத்திருந்தால் அது ட்ரையனுக்கே கீழ்ப்படிந்ததாக இருந்திருக்கும். சிறுவயது முதல் பழகிய கை அந்தத் தாளை எட்டவில்லை.

கிறித்தவச் சிந்தனையில் இதற்கு இருவகைப் பதில்கள் இருந்தன. அதிகாரம் இறைவனால் நியமிக்கப்பட்டது என்று உரோமருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் சொல்கிறார். மனிதருக்கு அல்ல, இறைவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று திருத்தூதர் பணிகளில் பேதுரு சொல்கிறார். அகஸ்தீன், முறையான அதிகாரத்தின் கீழ்க் கொல்பவன் அதைப் பயன்படுத்துபவரின் கையிலுள்ள வாள் போன்றவன், அவன்மேல் கொலைப்பழி இல்லை என்றார். 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் அந்த வாளுக்கு ஓர் எல்லை வைத்தார். நீதிபதியின் தீர்ப்பில் பொறுக்கவொண்ணாத பிழை இருந்தால், தண்டனையை நிறைவேற்றுபவன் கீழ்ப்படியக் கூடாது; அப்படி இல்லையேல் அதை ஆராய்வது அவன் வேலையல்ல. கடற்படை அகஸ்தீனின் பக்கம் நின்றது. மார்க்கம் முன் கிடந்த பிழையோ கூட்டல் கணக்கிலேயே தெரிந்த பிழை.

அக்குவினாஸ் கற்பனையாக வைத்த, தண்டனையை நிறைவேற்றுபவன், அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழில் ஆளாக வந்து நின்றிருக்கிறான். சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்ல அனுப்பப்பட்ட காவலர் அவன் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் களவு நூலெல்லாம் சொல்லி அவர்களை மயக்குகிறான். இளையவன் ஒருவன் தான் கண்ட ஒரு கள்வனின் கதையைச் சொல்லி இன்னும் தயங்குகிறான். கல்லாத, குடித்த ஒருவன் வாளை வீசுகிறான். பாண்டியன் உண்மையை அறிந்ததும் பழியை முழுதும் தன்மேல் ஏற்று அரியணையிலேயே உயிர் விடுகிறான். ட்ரையன் செய்ததும் அதுவே. ஆனால் அரசன் பழி ஏற்றதோடு கதை முடிந்துவிடவில்லை. கண்ணகியின் தீ மதுரைக்குள் போகிறது. அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் என்று பார்த்து விலக்கிவிட்டுத் தீத்திறத்தாரை எரிக்கிறது. ஏவிய ஒருவன் தலையோடு பழி தீர்ந்துபோகும் என்பதை அந்தக் காவியம் ஏற்கவில்லை. மட்டக்களப்பு வாவியோரக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ படிக்கப்படுகிறது. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி கொண்டுவரக் கடலோடிய மீகாமனின் பயணமும் போரும் அதில் நீளமாக வருகின்றன. கப்பல் தலைவன் ஒருவனின் துணிவைப் போற்றும் அந்த நூல், அரசாணையால் செத்த ஒருவனுக்காக வழக்குரைக்கும் பெண்ணிடத்தில் போய் முடிகிறது.

பழுகாமத்தின் திரௌபதையிடம் இந்தக் கேள்வி இன்னும் நுட்பமாக இருக்கிறது. களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் வரும் போரதீவுப்பற்றின் வயல்சூழ்ந்த ஊர் இது. செஞ்சி வட்டாரத்தில் ஓங்கி வளர்ந்த திரௌபதை வழிபாடு ஈழத்தின் கிழக்குக் கரையில் பாண்டிருப்பு முதலிய இடங்களிலும் இங்கும் வேரூன்றியது. பாரதத்தின் நிகழ்ச்சிகள் இங்கே வெறும் படிப்பு அல்ல. வனவாசம், அருச்சுனன் தவநிலை என்று சடங்காகவே நடந்து, தீமிதிப்பில் முடிகின்றன. சடங்குக்கு வெளியே வடமோடிக் கூத்தாகவும் பாரதம் இப்பகுதியில் வாழ்கிறது. அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று இரவிரவாக மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிவித்து, வட்டக்களரியில் அரங்கேற்றும் கூத்து அது.

சூதாட்ட சபையில் தருமர் தம்பியரையும் தம்மையும் தோற்றபின் திரௌபதையைப் பணயம் வைத்துத் தோற்கிறார். அவளை அழைத்து வரும்படி துரியோதனன் தேர்ப்பாகன் பிராதிகாமியை ஏவுகிறான். பாகன் போகிறான். திரௌபதை வரவில்லை, ஒரு கேள்வியை அவனிடம் கொடுத்து அனுப்புகிறாள்: முதலில் தோற்றது தன்னையா, என்னையா? பாகன் அந்தக் கேள்வியோடு சபைக்குத் திரும்பி வருகிறான். துரியோதனன் மீண்டும் ஏவுகிறான். இம்முறையும் பாகன் அவளைப் பிடித்து இழுத்து வர மனம் கொள்ளவில்லை. நான் அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று சபையைப் பார்த்துக் கேட்கிறான். இவன் பீமனுக்கு அஞ்சுகிறான் என்று சொல்லித் துரியோதனன் துச்சாதனனை அனுப்புகிறான். பாரதம் பேசுவோர் வீட்டுமரின் மௌனத்தையும் விதுரரின் அறிவுரையையும் நீளப் பேசுவார்கள். இந்தப் பாகனை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். அது குறைதான். அந்தச் சபையில் குறைந்த அதிகாரம் உடையவன் அவன். ஆணையை எதிர்க்கவும் அவனால் முடியாது. ஆனால் ஆணையைக் கேள்வியாக மாற்றி ஆணையிட்டவன் முன்னாலேயே வைத்தான். தன் கையால் அந்த வினை நடக்கவிடவில்லை.

கேள்வியின் பொருளும் கவனிக்கத் தக்கது. தன்னை இழந்தவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை உண்டா என்பதே அது. தன்னை இழந்தவன் பிறர்பொருளை வைத்து ஆட முடியாது, ஆயினும் மனைவி கணவனுக்கு உட்பட்டவள், அறம் நுண்ணியது என்று சொல்லி வீட்டுமர் தீர்ப்பளிக்காமல் விடுகிறார். துரியோதனனின் தம்பி விகர்ணன் மட்டும் எழுந்து, அவள் வெல்லப்படவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறான். அவனைக் கர்ணன் அடக்குகிறான். திரௌபதையின் வாதத்தைக் கப்பலுக்குக் கொண்டுவந்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவன் தன்னைக் கொடுத்துவிட்டான். கொடுத்தது அவனுடைய உழைப்பும் காலமும் உயிரும். தன் கீழ்ப்படிதலுக்கு விலையாக மற்றவர் உயிரை வைக்க அவனிடம் ஏதும் மிச்சமில்லை. விக்டோரியாவின் மேல்தளத்தில் நான்கு நான்கு பேராக நின்றவர்கள் பணயம் வைத்தது தங்களை மட்டுமே. அவர்களுடைய கீழ்ப்படிதலில் குறை காண எவருக்கும் தகுதியில்லை. மார்க்கம் கொடியை உச்சிக்கு ஏற்றியபோது பணயம் வைக்கப்பட்டது எதிர்க்கப்பலின் எழுநூற்றுச் சொச்சம் பேர். ஒரே பயிற்சி, ஒரே ஒழுங்கு, ஒரே பிற்பகல். ஆயினும் இரண்டும் ஒரே செயல் அல்ல.

இதற்குத் தமிழ் மரபு செஞ்சோற்றுக் கடனை எதிர்வாதமாக வைக்கும். கர்ணன் அந்தக் கடனுக்காகத் தெரிந்தே தோற்கும் பக்கம் நின்றான் என்று கூத்துக் களரியில் அவனுக்காகக் கண்ணீர் விடுபவர்கள் பலர். அவன் தன் உயிரைக் கொடுத்தது உயர்வானது. விகர்ணனை அடக்கியதும் அபிமன்யுவைப் பலராகச் சூழ்ந்து கொன்றதில் பங்குகொண்டதும் அந்தக் கடன் கணக்கில் வராது. அவை பிறர் தலையில் அவன் கட்டிய கடன்கள். கம்பனின் கும்பகருணன் இன்னும் தெளிவானவன். இராவணன் செய்தது தவறு, சீதையை விடு என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். தன் சொல் எடுபடாது என்று அறிந்தபின், அண்ணன் சோற்றை உண்ட உடம்பைக் களத்தில் கொடுக்கப் போகிறான். வீடணன் வந்து அழைக்கும்போதும் போக மறுக்கிறான். ஆனால் களத்தில் அவன் கையால் மடிந்த வானரங்கள் அவனுக்கு என்ன தீங்கு செய்தன என்று கேட்டால், அந்தக் கணக்கு அவனிடத்திலும் முழுதாக நேராகவில்லை. இராவணனிடம் முதலில் உண்மை சொன்ன அளவில் அவன் மார்க்கத்தை விட உயர்ந்து நிற்கிறான். அறியாமல் தடுமாறும் தலைவன் கேளாவிட்டாலும் உறுதியானதைச் சொல்வது பக்கத்தில் இருப்பவனின் கடமை என்று வள்ளுவர் அமைச்சு அதிகாரத்தில் வைத்திருக்கிறார். இடித்துச் சொல்வார் இல்லாத அரசன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்றும் சொல்கிறார். ட்ரையனுக்கு இடித்துச் சொல்வார் இருந்தார்கள். கேளாத பின்னும் விடாது சொல்வார் இல்லை.

சைவ சித்தாந்தம் வினையைப் பற்றிப் பேசும்போது செய்வான், செய்வினை, அதன் பயன், அதைக் கொடுப்பவன் என்று நான்கைச் சொல்கிறது. ஏவியவன் என்று ஐந்தாவதாக ஒருவனை வைத்து, செய்வானின் பெயரை அழிக்கும் இடம் அதில் இல்லை. ஏவியவனும் தன் ஏவலுக்குச் செய்வானே. அவனுக்கு அவன் வினை, இவனுக்கு இவன் வினை. சமணர் இன்னும் விரித்து, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் வினைக்கு வாயில்களாகக் கொண்டனர். பழி பங்கிடும்போது குறைவதில்லை என்பது இவ்விரண்டிலிருந்தும் தெரிகிறது. கீதையிலும், போர் செய் என்று பதினெட்டு அத்தியாயம் சொன்ன கண்ணன், இறுதியில் இதை முழுதும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று அருச்சுனனிடம் விட்டுவிடுகிறான். இறுதியாகச் சரணடையச் சொல்வது அதற்குப் பிறகுதான். ஆராயாத சரணடைவை அங்கே தெய்வமே கேட்கவில்லை.

பழுகாமத்தில் தீ மிதிப்பவரும் ஓர் ஒழுங்குக்குள் வருகிறார். காப்புக் கட்டி, விரதம் காத்து, சடங்கை நடத்துபவர் சொற்படி நடந்து, மஞ்சள் பூசிய உடம்போடு தணலில் இறங்குகிறார். அங்கும் தயங்கினால் கால் வேகும். அங்கும் மனம் எண்ணுவதற்கு முன் அடி எடுத்து வைக்க வேண்டும். ஆனால் நேர்த்தி அவரே வைத்தது, நாள் வரையறுத்தது, வேகும் கால் அவருடையது. கடற்படைப் பையனின் ஒப்பந்தத்தில் இவற்றில் முதலாவது முழுதாக இல்லை. தன்னைக் கொடுக்கும் அறிவு வருவதற்கு முன்பே அவன் கொடுக்கப்பட்டான்; தருமர் தம்பியரை வைத்து ஆடியதற்கும் ஒரு தகப்பன் பதினைந்து வயது மகனின் பத்து ஆண்டுகளுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்ததற்கும் இடையே உள்ள தூரம் பெரிதல்ல. வறுமை அந்தக் கையெழுத்தைப் போடவைத்தது என்பது தகப்பனுக்குச் சமாதானம் ஆகலாம். அந்தப் பையன் பின்னாளில் கட்டளைப்படி செய்ததற்கு எவ்வளவு பழி ஏற்பான் என்று கணக்கிடும்போது இதைக் கழித்தே தீர வேண்டும்.

சட்டம் இந்த இடத்துக்கு வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நியூரம்பர்க் விசாரணைகளை அடுத்து 1950இல் ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்ட ஆணைக்குழு வகுத்த கோட்பாடுகளில் நான்காவது, மேலதிகாரியின் ஆணைப்படி செய்தவர் என்பதால் ஒருவர் பொறுப்பிலிருந்து விடுபடமாட்டார் என்று சொல்லி, அறத்தைத் தெரிவு செய்யும் வாய்ப்பு அவருக்கு உண்மையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. போர்க்குற்றங்களுக்காக எழுதப்பட்ட அந்த நிபந்தனை, 1893இன் வழக்கையும் சரியாக இரண்டாகப் பிரிக்கிறது. விக்டோரியாவின் கொதிகலன் முன் நின்ற தீமூட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்தப் பக்கம் கப்பல் திரும்புகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. மார்க்கத்துக்கு இருந்தது. அவர் கண்முன் தூரம் இருந்தது, கையில் ட்ரையனின் எழுத்து அறிவுறுத்தல் இருந்தது, மரத்தின் பாதியில் அவருடைய கொடியும் நின்றது.